ஸ்டார்ட்டரைக் கழற்றுமுன்



திறப்பைத் திருப்புகிறோம். கார் எடுக்கவில்லை. பக்கத்தில் நிற்பவர் உடனே "ஸ்டார்ட்டர் போயிட்டுது" என்கிறார். ஸ்டார்ட்டர் கழற்றப்பட்டு, காயில் சுற்றும் கடைக்குப் போய், இரண்டு நாளில் பெயின்ட் பூசி வருகிறது. பூட்டுகிறார்கள். சில நாட்கள் கார் எடுக்கிறது, பிறகு பழையபடி நிற்கிறது. அடுத்து புதிய பற்றரி. அதற்கும் பிறகுதான் யாரோ ஒருவர் காருக்கு அடியில் படுத்து, பச்சை பூத்துப்போன ஒரு வயரைக் கண்டுபிடிக்கிறார். நமது ஊரில் இது எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது என்று இந்த மண்டபத்தில் கை உயர்த்தச் சொன்னால் பல கைகள் உயரும்.

பழுது என்று கழற்றப்படும் ஸ்டார்ட்டர்களில் பல நல்ல ஸ்டார்ட்டர்கள். மின்சாரம் அவற்றை வந்து சேராததுதான் குறை. அந்தக் குறையைக் காருக்கு வெளியே நின்றே, ஒரு மீற்றரையும் ஒரு சோடி ஹெட்லைட்டையும் வைத்துக்கொண்டு, ஓர் ஆணியையும் கழற்றாமல் கண்டுபிடிக்கலாம். இதைத்தான் இன்று உங்களுக்கு விளக்கமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் நமது ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பழுதில் பாதி நமது ஊரின் காற்றிலிருந்து வருகிறது. திருகோணமலை நகரம் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம். டச் பே கடற்கரையிலிருந்து உட்துறைமுக வீதிக்கு நடந்தே போய்விடலாம். எந்தத் திசையில் காற்றடித்தாலும் உப்போடுதான் அடிக்கிறது. நிலாவெளியில் உப்பே விளைகிறது. வாடைக் காலம் வந்தால் மழையும் சேர்ந்துகொள்ளும். உப்பும் ஈரமும் செம்பு வயரின் வெட்டுவாயில் புகுந்துவிட்டால், ரப்பர் உறைக்குள்ளேயே முழக்கணக்கில் ஏறி, செம்பைப் பச்சைத் தூளாக்கிவிடும். வெளியே பார்த்தால் வயர் புத்தம் புதிது போல் இருக்கும்.

இரண்டாவது காரணம் நமது கார்களின் வயது. பிரித்தானியக் கடற்படை இந்தத் துறைமுகத் தளத்தைக் கையளித்தது 1957இல். அந்தக் காலத்தில் இலங்கைத் தெருக்களில் ஓடியவை பெரும்பாலும் பிரித்தானியக் கார்கள்: மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, ஹில்மன். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. இருந்த கார்களைத்தான் ஓட்ட வேண்டும், உடைந்த பாகத்தைச் செய்துதான் போட வேண்டும் என்ற நிலை வந்தது. நமது மெக்கானிக்குகளின் கைத்திறமை அந்த ஆண்டுகளில் வளர்ந்தது. 1977க்குப் பிறகு ஜப்பானியக் கார்கள் வந்து குவிந்தன. வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த 1990களில் யாழ்ப்பாணத்தார் ஏ40யையும் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எடுப்பதற்கு மட்டும் சூப்பிப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய். பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இன்றைய விலையில் புதிய காரை நினைத்தும் பார்க்க முடியாத குடும்பங்களே நம்மிடம் அதிகம். ஆகவே ஒரு பழைய காரின் ஸ்டார்ட்டரைச் சரியாகப் பரிசோதிப்பது இன்றைக்கு வீட்டுச் செலவோடு சம்பந்தப்பட்ட காரியம்.

இனி ஸ்டார்ட்டருக்கு வருவோம்.

1911இல் அமெரிக்காவில் டேட்டன் நகரைச் சேர்ந்த சார்ள்ஸ் கெட்டரிங் என்பவர் கேடிலாக் காருக்காக மின்சார ஸ்டார்ட்டரைச் செய்தார். 1912ஆம் ஆண்டு மாடலிலேயே அது விற்பனைக்கு வந்தது. அதுவரை பெரும்பாலான பெற்றோல் கார்களை முன்னால் நின்று கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் எடுத்தார்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும், தாடையும் உடையும். மைனரில் இன்றும் கைப்பிடி போடுகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து கீழே அழுத்தக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லித்தந்தது அதற்காகத்தான்.

கெட்டரிங் அதற்கு முன் வேலை செய்தது காசு வாங்கும் இயந்திரங்கள் செய்யும் கம்பனியில். அந்த இயந்திரத்துக்கு மின் மோட்டார் பொருத்தியவரும் அவரே. கடைக்காரர் பொத்தானை அழுத்தும்போது லாச்சி திறக்க ஒரு கணம் வலு வேண்டும், பிறகு மோட்டார் சும்மா இருக்கும். ஒரு கணம் மட்டும் வேலை செய்யும் மோட்டார் பெரிதாக இருக்கத் தேவையில்லை, அதன் தகுதிக்கு மேலேயே அதை வேலை வாங்கலாம் என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார். காரை எடுக்க மிகப் பெரிய மோட்டார் வேண்டும் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் கையில் தூக்கக்கூடிய மோட்டாரோடு வந்தார்.

உங்கள் காரில் இருப்பதும் அதே தத்துவம்தான். சின்ன எஞ்சினைச் சுற்றும்போதே ஸ்டார்ட்டர் 100 முதல் 200 அம்பியர் வரை இழுக்கிறது. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 10 அம்பியர். காரில் உள்ள வேறெந்தச் சாமானும் ஸ்டார்ட்டருக்குக் கிட்டவும் வராது. அதனால்தான் அதைத் தொடர்ந்து பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் பிடித்துச் சுற்றக் கூடாது, இடையில் ஒரு நிமிடமாவது ஆற விட வேண்டும்.

நடுவில் 150 அம்பியர் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் பாருங்கள். பாடசாலையில் படித்த ஓமின் விதி போதும். எங்கோ ஒரு மூட்டில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருக்கிறது என்று வைப்போம். ஹெட்லைட்டின் 10 அம்பியருக்கு அந்த இடத்தில் வீணாவது 0.1 வோல்ற். லைட் பிரகாசமாகவே எரியும், ஒன்றும் தெரியாது. அதே மூட்டு வழியாக ஸ்டார்ட்டருக்கு 150 அம்பியர் போனால் வீணாவது 1.5 வோல்ற். பன்னிரண்டு வோல்ற் பற்றரியில் ஒன்றரை வோல்ற்றை ஒரு கறள் பிடித்த நட்டு தின்றுவிடுகிறது. "லைட் நல்லா எரியுது, ஹோர்ன் அடிக்குது, அப்ப பற்றரியும் வயரும் சரிதானே ஐயா" என்று சொல்லும் கராஜ் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். மல்டிமீற்றரில் ஓம் பக்கத்தைத் திருப்பி அந்த வயரை அளந்தாலும் பிடிபடாது. சாதாரண மீற்றர் நூறில் ஒரு ஓமை நம்பகமாகக் காட்டாது. மின்னோட்டம் பாயும்போதே வோல்ற் எங்கே தொலைகிறது என்று பார்ப்பதுதான் ஒரே வழி.

அதற்கு முன் ஒரு கேள்வி: எஞ்சின் சுற்றியதா, இல்லையா? வழமையான வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் ஸ்டார்ட்டரை விட்டுவிடுங்கள். அது பெற்றோல், பிளக், பொயின்ட் பக்கத்துப் பிரச்சினை. சுற்றவே இல்லை, அல்லது முக்கி முக்கிச் சுற்றுகிறது என்றால்தான் நமது பேச்சு தொடரும்.

மீற்றர் இல்லாதவர்கள் ஹெட்லைட்டைப் போடுங்கள். சுவருக்கு எதிரே காரை நிறுத்தியிருந்தால் இன்னும் நல்லது. இப்போது ஒருவர் திறப்பைத் திருப்பட்டும், நீங்கள் வெளிச்சத்தைப் பாருங்கள். வெளிச்சம் கொஞ்சமும் மாறவில்லை, ஸ்டார்ட்டரும் பேசவில்லை என்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. திறப்பு சுவிட்ச், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சொலினொயிட், அதற்குப் போகும் மெல்லிய வயர், அல்லது மோட்டாருக்குள் தேய்ந்துபோன கார்பன், இவற்றில் ஒன்று. ஒட்டோ கியர் கார் என்றால் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளி ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கி, எஞ்சின் முனகினால் பற்றரி இறங்கியிருக்கிறது. அல்லது எஞ்சினோ ஸ்டார்ட்டரோ இறுகியிருக்கிறது. வெளிச்சம் பொசுக்கென்று முழுவதும் அணைந்து, திறப்பை விட்ட பிறகும் சிறிது நேரம் வராமல் இருந்தால் பற்றரி முனையில் கை வையுங்கள். அங்கே சூடு இருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். நல்ல மூட்டு இரண்டு மூன்று முயற்சியில் சூடேறாது.

பற்றரி முனையில் பூக்கும் வெள்ளை, நீலப் பூ கடல் உப்பு அல்ல, அமிலத்தின் வேலை. வெந்நீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும், ஆனால் அந்தத் தண்ணீர் பற்றரிக்குள் போகக் கூடாது. மேலே கழுவிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் அதிகம். கிளிப்பைக் கழற்றி, அதன் உட்பக்கத்தையும் ஈயத் தண்டையும் அரத்தாளால் பளிச்சென்று தேய்த்து, பூட்டிய பிறகு வஸ்லின் பூச வேண்டும். கழற்றும்போது எந்தப் பக்கம் பொடியில் ஏர்த் ஆகியிருக்கிறதோ அந்தப் பக்கத்தை முதலில் கழற்றுங்கள். ஜப்பானியக் காரில் அது நெகட்டிவ். பழைய மைனரில் பொசிட்டிவ்தான் ஏர்த். இது தெரியாமல் ஜம்பர் வயர் மாற்றிக் கொடுத்து, பற்றரி வெடிக்கும் அளவுக்குப் போய்விடலாம். கையில் மோதிரமும் மணிக்கூடும் வேண்டாம்.

பற்றரியைப் பார்க்க இரண்டு எண்கள் போதும். கார் சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு 12.6 வோல்ற் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசியளவு. அடுத்தது, எஞ்சின் சுற்றும்போது 9.6 வோல்ற்றுக்குக் கீழே போகக் கூடாது. மூடி திறக்கும் பற்றரி என்றால் ஹைட்ரோமீற்றரை எடுத்து ஆறு செல்லையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஐந்து செல் ஒரே அளவிலும் ஒன்று மட்டும் 0.05 அளவுக்குக் கீழேயும் இருந்தால் அந்தச் செல் முடிந்துவிட்டது. அந்தப் பற்றரியை எத்தனை தடவை சார்ஜ் பண்ணியும் பயனில்லை.

"ஒருக்கா ஸ்டார்ட் பண்ணினா பற்றரி அரைவாசி இறங்கிடும்" என்று ஒரு பயம் நம்மிடையே இருக்கிறது. அது உண்மையல்ல. 150 அம்பியர், மூன்று விநாடி. அதை 5 அம்பியரில் திருப்பி நிரப்ப ஒன்றரை நிமிடம் போதும், நட்டத்தைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். பற்றரியைக் கொல்வது சும்மா நிற்பது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் எத்தனை கார்கள் வாரக்கணக்கில் போர்ட்டிகோவில் நின்றன! அந்த ஆண்டில் செத்த பற்றரிகளுக்கு ஸ்டார்ட்டர்கள்தான் பழி சுமந்தன.

இப்போது மீற்றரை எடுப்போம். பிள்ளைகளே, இந்தப் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள்.

என்னிடம் ஒருமுறை ஒரு மொரிஸ் மைனர் வந்தது. வந்தது என்றால், கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வேறோர் இடத்தில் கிளச் தட்டு மாற்றியிருக்கிறார். அதற்குப் பிறகு கார் காலையில் ஒரு தடவை எடுக்கும், பிறகு முக்கும். "ஸ்டார்ட்டர் காயில் சுத்தச் சொன்னாங்கள், சுத்தியாச்சு. பற்றரி மாத்தச் சொன்னாங்கள், மாத்தியாச்சு. இப்ப புது ஸ்டார்ட்டர் தேடச் சொல்லிப்போட்டாங்கள், தம்பி" என்றார். நான் அவரையே உள்ளே இருந்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். இரண்டாம் தடவை கையை வெடுக்கென்று எடுத்தார். "சோக் குமிழ் சுடுது" என்றார்.

அந்த இடத்தில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. இருந்தாலும் அளந்தேன். பற்றரியின் இரண்டு தண்டுகளுக்கும் இடையில், சும்மா இருக்கையில் 12.5 வோல்ற், சுற்றும்போது 10.9. பற்றரி நல்லது. ஸ்டார்ட்டரின் வயர் பூட்டும் ஆணிக்கும் ஸ்டார்ட்டர் உடம்புக்கும் இடையில், சுற்றும்போது 7.6. பற்றரியில் 10.9 இருக்க, மோட்டாருக்குப் போய்ச் சேருவது 7.6தான். வழியில் 3.3 வோல்ற் காணாமல் போகிறது. எங்கே? மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் லைவ் தண்டிலும் மறுமுனையை ஸ்டார்ட்டர் ஆணியிலும் வைத்துச் சுற்றினேன்: 0.4. தண்டில் என்று சொல்கிறேன், கிளிப்பில் அல்ல. கிளிப்பில் வைத்தால் தண்டுக்கும் கிளிப்புக்கும் இடையிலுள்ள குறை கணக்கில் வராது. பிறகு பற்றரியின் ஏர்த் தண்டிலிருந்து ஸ்டார்ட்டர் உடம்புக்கு: 2.9. கூட்டிப் பாருங்கள், 0.4உம் 2.9உம் 3.3. கணக்கு நேராகிவிட்டது. கணக்கு நேராகும்வரை ஸ்பனரைத் தொட வேண்டாம்.

எஞ்சினும் கியர்பெட்டியும் ரப்பர் மவுன்டில் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் மின்சாரம் கடத்தாது. ஸ்டார்ட்டர் எஞ்சினோடு இருக்கிறது, பற்றரியின் ஏர்த் பொடியில் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது ஒரே ஒரு பின்னல் வயர். மைனரில் அது கியர்பெட்டியிலிருந்து கீழே பொடிக்குப் போகிறது. கிளச் வேலைக்குக் கியர்பெட்டியை இறக்கியவர்கள் அந்தப் பின்னலைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்பப் பூட்டும்போது புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பின் மேல் பூட்டியிருக்கிறார்கள். பெயின்ட்டும் மின்சாரம் கடத்தாது. வழி அடைபட்ட மின்சாரம் வேறு வழி தேடியது. சோக் கம்பி எஞ்சினுக்கும் டாஷ்போர்ட்டுக்கும் இடையே போகிறது அல்லவா, அதன் வழியாகத் திரும்பியிருக்கிறது. அதனால்தான் குமிழ் சுட்டது. சோக் கம்பி, அக்சிலேட்டர் கம்பி, ஸ்பீடோமீற்றர் கம்பி, இவற்றில் ஏதாவது சூடேறினாலோ புகைந்தாலோ எஞ்சின் ஏர்த்தைப் பாருங்கள். இந்த அடையாளத்தைப் போலத் தெளிவானது வேறில்லை.

பெயின்ட்டைச் சுரண்டி, பின்னலின் இரண்டு நுனியையும் தேய்த்து, பூட்டினோம். சுற்றும்போது பற்றரியில் 10.1, லைவ் பக்கம் 0.5, ஏர்த் பக்கம் 0.1, ஸ்டார்ட்டரில் 9.5. எஞ்சின் விறுவிறுவென்று சுற்றிப் பிடித்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பழுது தீர்ந்த பிறகு பற்றரியின் வோல்ற் 10.9இலிருந்து 10.1க்கு இறங்கியிருக்கிறது. பற்றரியை மட்டும் பார்ப்பவர், முன்னைவிட மோசம் என்று நினைப்பார். தடை நீங்கியதால் ஸ்டார்ட்டர் தனக்கு வேண்டிய அம்பியரை முழுதாக இழுக்கிறது, அதனால் பற்றரி கூடுதலாக இறங்குகிறது. ஒரேயொரு எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். லைவ் பக்கம் முழுவதற்கும் 0.5 வோல்ற், ஏர்த் பக்கம் முழுவதற்கும் 0.2 அல்லது 0.3 வோல்ற், இதற்கு மேல் தொலைந்தால் அங்கே தேடுங்கள்.

அந்த ஆசிரியர் இரண்டு பொருளுக்குக் காசு கொடுத்திருந்தார். இரண்டுமே தேவையில்லாதவை. அவரை யாரும் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அளந்து பார்க்கும் பழக்கம் அங்கே இருக்கவில்லை. ஆனால் காசு கொடுத்தவருக்கு அந்த வித்தியாசத்தால் என்ன ஆறுதல்?

அளந்து பார்த்தோம், ஸ்டார்ட்டரின் ஆணிக்கே 10 வோல்ற் வருகிறது, ஆனாலும் சுற்றவில்லை. அப்போதுதான் ஸ்டார்ட்டர் மேல் சந்தேகப்பட நமக்கு உரிமை வருகிறது.

"டொக்" என்று ஒரே சத்தம் கேட்டு நின்றுவிட்டால் சொலினொயிட் இழுக்கிறது, ஆனால் உள்ளே செம்புத் தட்டு பெரிய மின்னோட்டத்தைக் கடத்தவில்லை. "டக டக டக" என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பற்றரி அல்லது முனை. இழுத்ததும் வோல்ற் விழுகிறது, விழுந்ததும் சொலினொயிட் விட்டுவிடுகிறது, விட்டதும் வோல்ற் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. ஜப்பானியக் கார்களில், முக்கியமாக டொயோட்டாவில் வரும் நிப்பொன்டென்சோ ஸ்டார்ட்டர்களில், ஒற்றை "டொக்" மிகப் பிரசித்தம். பத்துத் தடவை திருப்பினால் ஒன்பதில் டொக், பத்தாவதில் எடுக்கும். சொலினொயிட் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு செம்புத் துண்டுகள் ஒரு பக்கம் குழிந்து தேய்ந்திருக்கும். அந்த இரண்டு துண்டையும் மாற்றினால் போதும். அதற்காக முழு ஸ்டார்ட்டரையும் வாங்க வைப்பது எனக்குப் பெரும் மனவருத்தம் தரும் விடயம்.

மோட்டார் "வீர்ர்" என்று சுழல்கிறது, எஞ்சின் அசையவில்லை. ஜப்பானிய ஸ்டார்ட்டர் என்றால் ஒருவழிக் கிளச் வழுக்குகிறது. மைனர், ஏ40 போன்றவற்றின் லூக்கஸ் ஸ்டார்ட்டரில் பென்டிக்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே பினியன் என்ற சின்னப் பற்சக்கரத்தைத் தள்ள சொலினொயிட் கிடையாது. மோட்டார் திடீரென்று சுழலும்போது பினியன் தன் கனத்தால் பின்தங்கி, திருகுத் தண்டின் மேல் நகர்ந்து பிளைவீல் பல்லில் மாட்டுகிறது. தண்டில் அழுக்கிருந்தால் நகராது. நமது பிள்ளைகள் அங்கே எண்ணெய் விடுகிறார்கள், அல்லது கிறீஸ் பூசுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். கிளச் தட்டின் தூசு அந்த எண்ணெயில் ஒட்டிச் சாந்து போலாகிவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, உலர விடுங்கள். உலர்ந்த தண்டில்தான் பினியன் ஓடும்.

அதே லூக்கஸ் பினியன் சிலநேரம் பல்லில் இறுகிச் சிக்கிவிடும். ஹெட்லைட் மங்கும், எதுவும் அசையாது. திறப்பை அணைத்து, கியரை மேல் கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், கழன்றுவிடும். இல்லையென்றால் ஸ்டார்ட்டரின் பின்முனையில் சின்ன மூடிக்குள் சதுரமாகச் சீவிய தண்டு நுனி இருக்கிறது. ஸ்பனரால் அதைத் திருப்பினால் பினியன் விடும். அதைச் செய்தவர்கள் அதற்கென்றே யோசித்து வைத்துப் போயிருக்கிறார்கள்.

"கர்ர்ர்" என்று உராயும் சத்தம் பல்லின் சத்தம். நான்கு சிலிண்டர் எஞ்சினை அணைத்தால் அது கண்ட இடத்தில் நிற்காது. அமுக்கம் தடுக்கும் இரண்டே இடங்களில்தான் நிற்கும். ஆகவே ஸ்டார்ட்டர் ஆண்டுக்கணக்காக அந்த இரண்டு இடத்துப் பற்களையே கடிக்கிறது, கிணற்றுக் கட்டில் கயிறு உரசிய தடம் போல அந்த இடம் மட்டும் தேய்ந்துபோகிறது. சோதிப்பது சுலபம். கர்ரென்றதும் காரைக் கியரில் போட்டு ஓரடி தள்ளி நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து மறுபடி எடுங்கள். சுத்தமாகப் பிடித்தால் பிளைவீல் வளையத்தின் பல்லில்தான் தேய்வு. புது ஸ்டார்ட்டரால் அது தீராது.

நமது பக்கத்தில் ஸ்டார்ட்டருக்கும் பல்லுக்கும் வேலை கூடவாக இருந்தது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை, நகரத்திலிருந்து கடலோர வீதியால் மூதூர்ப் பக்கம் போகிற கார் 'பாதை' என்ற மிதவையில் ஏறித்தான் அக்கரை போக வேண்டியிருந்தது. அதைத் தாண்டினாலும் வெருகல்வரை இன்னும் துறைகள் இருந்தன. ஏறும்போது அணை, இறங்கும்போது எடு. அந்த வீதியில் ஓடிய கார்களின் ஸ்டார்ட்டர்கள் மற்றவற்றைவிடப் பல மடங்கு உழைத்தவை. பாதையில் எடுக்காத காரை மற்றப் பிரயாணிகள் இறங்கித் தள்ளியதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

சுத்தியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட்டரை மெல்லத் தட்டினால் கார் எடுக்கிறது என்று பலர் ஆண்டுக்கணக்கில் டிக்கியில் சுத்தியலோடு திரிகிறார்கள். தட்டி எடுத்தால் அது நல்ல தடயம். கார்பன் தேய்ந்து, ஸ்பிரிங் அதைக் கொமியுட்டேட்டரில் அழுத்த முடியாமல் நிற்கிறது, தட்டினால் கொஞ்சம் இறங்கித் தொடுகிறது. அல்லது சொலினொயிட் ஒட்டுகிறது. வீடு போய்ச் சேர ஒருதடவை தட்டுங்கள். மறுநாள் கழற்றிக் கார்பன் மாற்றுங்கள். தட்டிக்கொண்டே இருந்தால் கார்பனின் வயர் கொமியுட்டேட்டரை உரசி, பொரிந்து, முழு மோட்டாரையும் கெடுத்துவிடும். நிலைக்காந்தம் பொருத்திய புதிய வகை ஸ்டார்ட்டர் என்றால் தட்டவே வேண்டாம். உள்ளிருக்கும் காந்தம் உடைந்துவிடலாம்.

கழற்றியாயிற்று என்றால் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்யுங்கள். கொமியுட்டேட்டரைப் பெற்றோலில் நனைத்த துணியால் துடையுங்கள். கறுப்புப் போகாவிட்டால் மெல்லிய அரத்தாள். டைனமோவில் செம்புத் துண்டுகளுக்கு இடையேயுள்ள மைக்காவைக் கீறித் தாழ்த்துவோம். லூக்கஸ் ஸ்டார்ட்டரில் அதைச் செய்யக் கூடாது என்பது கம்பனியின் அறிவுறுத்தல். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் நல்ல மெக்கானிக்குகளே இதில் தவறுகிறார்கள். தண்டு ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. அப்போது ஆர்மேச்சர் உள்ளே காந்தக் கட்டைகளில் உரசும், சூட்டில் இன்னும் மோசமாகும். காலையில் எடுத்து, மதியம் சந்தைக்குப் போய் வந்த சூட்டில் எடுக்காமல் நிற்கும் கார்கள் பலவற்றில் இதுதான் காரணம். புதிய வெண்கலப் புஷ்ஷை அப்படியே அடித்து ஏற்றாதீர்கள். அதன் நுண்துளைகளில் எண்ணெய் ஊற வேண்டும், 24 மணி நேரம் எஞ்சின் ஒயிலில் போட்டு வையுங்கள். வாடிக்கையாளர் அவசரப்பட்டால், ஒரு நாள் பொறுத்தால் பல ஆண்டு ஓடும் என்று எடுத்துச் சொல்லுங்கள். கேட்பார்கள்.

பூட்டுமுன் மேசையில் கவ்வியால் இறுகப் பிடித்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிடிக்காமல் ஓட்டினால் ஸ்டார்ட்டர் துள்ளிக் காலில் விழும்.

கார் சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஸ்டார்ட்டர் மாத்த வேணும்" என்று சொல்லப்பட்டால், "எத்தனை வோல்ற் வருது, தம்பி? எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். மரியாதையாகவே கேட்கலாம். அளந்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். அளக்காதவர் அன்றைக்காவது அளப்பார். கராஜ் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று: பழகுகிற பிள்ளைகளுக்கு ஸ்பனருக்கு முன் மீற்றரைக் கையில் கொடுங்கள். ஒரு புதிய ஸ்டார்ட்டரின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஒரு மீற்றரின் விலை. பில்லில் அளந்த எண்களை எழுதுங்கள்: பற்றரியில் இவ்வளவு, ஸ்டார்ட்டரில் இவ்வளவு, ஏர்த்தில் இவ்வளவு. ஆறு மாதம் கழித்து அந்தக் கார் திரும்பி வந்தால் எது மாறியிருக்கிறது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும்.

மண்டபத்துக்கு வெளியே ஒரு மைனரும் ஒரு கொரோலாவும் நிறுத்தி வைத்திருக்கிறோம். இரண்டிலும் வேண்டுமென்றே ஒவ்வொரு பழுது வைத்திருக்கிறேன். மீற்றர்கள் மேசையில் இருக்கின்றன. ஸ்பனர் யாருக்கும் தரப்படாது. கேள்விகளைக் காருக்குப் பக்கத்தில் நின்றே பேசலாம். வாருங்கள்.